பின்னால் மட்டும்

புதன்கிழமை மத்தியானமே வழியாடு மலையை விட்டு இறங்கி வந்து வயல் கேட்டருகே நின்றுகொண்டிருந்தது. கருப்பு உடம்பு, வெள்ளை நெற்றி, ஒல்லிக் கால். மந்தைக்கு முன்னால் நடக்கவென்றே பிறந்த ஜாதி அது. அதன் பின்னால் பத்துப் பன்னிரண்டு ஆடுகள்தான் வந்திருந்தன. மிச்சமெல்லாம் குட்டிகளோடு மேலே கருப்பு ஓடையில்தான் இருக்க வேண்டும். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த ஹெர்தீஸ், பாதி உரித்த உருளைக்கிழங்கை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள்.

வானம் நீலமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு மேல்தான் பனி என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ஆடு ரேடியோ கேட்டு இறங்குகிற ஆடு இல்லை.

ரன்வெய்க்குக்கு போன் போட்டாள். அறுபத்தாறு வயது ரன்வெய்க்தான் அந்தப் பள்ளத்தாக்குக்கு மலைராஜா. ஆடு இறக்குகிற நாளில் யார் எந்தச் சரிவில் நடப்பது என்று அவள் சொன்னால் சொன்னதுதான். பொம்பளையானாலும் பட்டம் ராஜாதான்.

"ரன்வெய்க், என் கருப்பி இறங்கிட்டா."

"எப்போ?"

"இப்பத்தான். நேரா கேட்டுக்கு வந்து நிக்கிறா. புல்லுலகூட வாய் வெக்கல."

அந்தப் பக்கம் ரன்வெய்க் காபி உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்போ சனிக்கிழமை வரைக்கும் காக்க வேணாம். நாளைக்கே ஏறிடலாம். எல்லாருக்கும் நான் சொல்றேன். பனிக்கு முன்னாடி உன் ஓடைக்கு யாரும் நடந்து போய்ச் சேர முடியாது, தெரியும்ல? உன் வண்டிதான் ஏறணும். கருப்பியையும் தூக்கிப் போட்டுக்கோ. காத்துக்கு எதிரா மத்ததுங்க இறங்காது. அவ முன்னாடி நடந்தாத்தான் இறங்கும்."

"வண்டி இருக்கு."

"அதான் ஊரே பேசுதே. உன் புருஷனோட யானைக்கால் வண்டி."

அந்த வண்டியால்தான் அந்தக் கோடை முழுக்க வீட்டில் சண்டை. ஹெர்தீஸின் அப்பா காலத்து டீசல் ஜீப் அது. கெஸ்டூர் டவுன்காரன். கல்யாணம் முடிந்து இருபது வருஷமாகியும் ஆட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட வராது. ஆனால் பனியாற்றின் மேல் ஏறிப் போகிற வண்டிகளின் பெயரெல்லாம் தலைகீழாகச் சொல்வான். ஜூலையில் அவளைக் கேட்காமலேயே பழைய சக்கரங்களை விற்றுவிட்டு, இடுப்புயரத்துக்கு நாற்பத்திநாலு அங்குல டயர்களைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். மாட்ட இடம் பண்ணுவதற்காக மட்கார்டையும் வெட்டியெறிந்தான்.

மாட்டிய பிறகு வண்டி வண்டியாகவே இல்லை. பெரிய சக்கரத்தைச் சுற்ற இன்ஜினுக்கு மூச்சில்லை. ஆட்டோமேட்டிக் கியர் மேட்டில் மேலே போகும், தாங்காமல் விழும், மறுபடி மேலே போகும், மறுபடி விழும். தீவனம் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு பாலத்து மேட்டில் ஏறும்போது கியர் ஆயில் கருகிய நாற்றம் வந்தது. ஸ்பீடு முள் அறுபது காட்டும்போது வண்டி எண்பதில் ஓடியது. போலீஸ்காரன் நிறுத்தி அவளிடம் சிரித்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கையுறையைக் கழற்றி கெஸ்டூரின் சாப்பாட்டுத் தட்டிலேயே எறிந்தாள்.

"சக்கரத்த மாத்தினவன் மத்ததையும் மாத்தணும்னு தெரியாதா? இது என் அப்பன் வண்டி. உன் விளையாட்டுச் சாமான் இல்ல."

"மாத்தறேன் ஹெர்தீஸ். கிரவுன் பினியன் வரணும், ரெண்டு அச்சுக்குள்ளயும் போடற பல்சக்கரம். வெளிநாட்டுல இருந்து வருது."

வந்தது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு வாரம் முழுக்கக் கொட்டகையில் வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தான். கியர் சீக்கிரம் மேலே போய்விடாதபடி ஆக்சிலேட்டர் பக்கத்துக் கேபிளையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கட்டி, ஓட்டிப் பார்த்து, மறுபடி இழுத்துக் கட்டினான். முள்ளையும் சரிபார்த்தான். வேலை முடிந்ததும் சாவியைக் காட்டி, "போய்ட்டு வா" என்றான். கூட்டுறவுக் கடை வரை ஓட்டிப் போனாள். பாலத்து மேட்டில் வண்டி ஒரே கியரில், குதிரை மாதிரி, முனகாமல் ஏறியது. திரும்பி வந்து இறங்கியபோது, மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவனிடம் நல்ல வார்த்தை சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு."

என்னவோ சொல்ல வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். துணியில் கையைத் துடைத்தான். அவளுக்கு அது அப்போது வெட்கமாகத் தெரிந்தது.

செப்டம்பரில் அவன் டவுன் ஆட்டு அறுப்புக்கூடத்தில் சீசன் வேலைக்குப் போய்விட்டான். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான்.

வியாழக்கிழமை காலையில் கருப்பியை வண்டிக்குள் பின்னால் ஏற்றிக் கட்டிவிட்டு அவனுக்கு போன் செய்தாள். அறுப்புக்கூடத்தில் அது காபி நேரம். பின்னால் கோப்பைச் சத்தம், ஆம்பிளைகள் சிரிப்பு.

"இன்னைக்கே ஏறறோம். நான் வண்டிய எடுத்துட்டுப் போறேன்."

"இன்னைக்கா? சனிக்கிழமைன்னு சொன்னாங்களே."

"கருப்பி இறங்கிட்டா."

அந்தப் பக்கம் யாரோ கத்துவது கேட்டது: "கெஸ்டூர், யாரு, நாற்பத்திநாலு அங்குலமா பேசுது?" ஒரே சிரிப்பு. கெஸ்டூரும் சிரித்தான்.

"ரன்வெய்க் டிராக்டர்ல போயேன்," என்றான்.

"அது ஓடைக்கு ஏறாது. உனக்குத் தெரியாதா?"

"ம். சரி. அந்தச் சின்ன லீவர மட்டும் தொடாத."

"ஃபோர் வீல் லீவரா? ஏன்?"

பின்னால் இன்னும் சிரிப்பு ஓயவில்லை.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கு. நான் வந்து பாத்துக்கறேன்."

"இறுக்கம்தானே," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் வண்டியிலிருந்து சாவியை உருவிக்கொண்டு போக மாட்டார்கள். உருவினால் பக்கத்து வீட்டானைத் திருடன் என்று சொன்ன மாதிரி. ஆகவே சாவி அதன் இடத்தில் இருந்தது. சின்ன லீவரை மட்டும் கெஸ்டூர் வைக்கோல் கட்டுகிற நீலக் கயிற்றால் சீட்டுக் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தான்.

துணைக்கு அவள் தம்பி ஊல்ஃபர் வந்தான். நாற்பத்தைந்து வயசு, கல்யாணம் கிடையாது, மூக்குப்பொடிதான் துணை. ஏறி உட்கார்ந்ததும் கயிற்றைப் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, லீவருக்குத் தூக்கு மாட்டி வெச்சிருக்கான்?"

"இறுக்கமா இருக்காம்."

"இறுக்கமா இருக்கறத எதுக்குக் கட்டணும்? லூசா இருந்தாத்தான கட்டணும்?"

"உன் பொடியப் போட்டுட்டு வாய மூடிட்டு வா."

ஆற்றைக் கடக்கிற வரை தார் ரோடு, அதற்கு மேல் சரளை. வண்டி அருமையாகத்தான் போனது. ஊல்ஃபர் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தான். புகையில் போட்ட ஆட்டுக்கறி வைத்த தட்டை ரொட்டி. வெண்ணெய் குளிரில் கட்டியாகிப் போயிருந்தது. அவளுக்கு ஒன்றை ஊட்டிவிட்டான். பின்னால் கருப்பி நின்றபடியே வந்தது. வழியெல்லாம் அது முன்னால் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாகப் பின்னால், வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

மேல் சரிவின் பாதியில் காற்று திரும்பியது. வடக்கிலிருந்து ஈரப் பனி சாய்வாக அடிக்க ஆரம்பித்தது. பனியில் பிடிப்பு கிடைக்க டயர்களில் காற்றை இறக்கி வைத்துக்கொண்டார்கள். கருப்பு ஓடைக்கு இன்னும் ஒரு மேடுதான். அங்கே பாசி ஊறிச் சறுக்கியது. பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரியடித்தது. ரிவர்ஸ் எடுத்து இன்னொரு தடவை முயன்றாள். முதல் தடவை ஏறிய தூரம்கூட ஏறவில்லை.

"கத்திய எடு."

"தொடாதன்னு சொன்னானே."

"இறுக்கம்னுதான் சொன்னான். என் கையில வலு இருக்கு. எடு."

கயிற்றை அறுத்தாள். லீவரை இழுத்தாள். இறுக்கமே இல்லை, வெண்ணெயில் கத்தி போல விழுந்தது. அறுந்த கயிற்றைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் வண்டி ஏற ஆரம்பித்துவிட்டது. முன் சக்கரமும் சேர்ந்து பற்ற, சேற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலே போனது. கூடவே ஒரு முனகல். அடியில் யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி. ஸ்டீயரிங் கையில் அடம்பிடித்தது.

"சேறு போனதும் எடுத்துடு," என்றான் ஊல்ஃபர்.

சேறு முடிந்து பாறைத் தளம் வந்தது. சக்கரம் நான்கும் பாறையைக் கெட்டியாகப் பிடித்தன. லீவரைத் தள்ளினாள். வரவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள். வண்டி ஒரு தடவை தன்னையே உதைத்துக்கொண்டது. டமார் என்று அடியில் வெடித்தது. இன்ஜின் கத்தியது, சக்கரம் ஒன்றும் சுற்றவில்லை.

ஊல்ஃபர் அடியில் நுழைந்தான். வெளியே அவன் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது.

"நடுவுல இருக்கற கியர்ப் பெட்டி ரெண்டாப் பொளந்துடுச்சு. ஆயில் கொட்டுது." எதையோ சுரண்டிப் பார்க்கிற சத்தம். பிறகு, "அக்கா."

"என்ன?"

"பின்னாடி அச்சுல போல்ட்டெல்லாம் பளபளன்னு புதுசு. முன்னாடி அச்சுல துரு அப்படியே இருக்கு. அப்பா அடிச்ச பெயிண்ட்கூட உரியல. இத அவன் திறக்கவே இல்ல."

அவளும் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"பல்சக்கரத்தப் பின்னாடி மட்டும் மாத்தியிருக்கான்," என்றான் ஊல்ஃபர். "தனியா ஓடினா யாருக்கும் தெரியாது. ரெண்டையும் சேத்துப் பூட்டினா முன்னது ஒரு வேகம், பின்னது ஒரு வேகம். ரெண்டு பேரு கால சேத்துக் கட்டிட்டு ஒருத்தன் ஓட, ஒருத்தன் நடந்தா? சேத்துல வழுக்கிப் பொழச்சுது. பாறையில எங்க வழுக்கும்?"

ஹெர்தீஸ் எழுந்து நின்றாள். கடை வரை ஓட்டிப் போய் வந்த அந்த நாள் நினைவுக்கு வந்தது. 'நல்லாத்தான் இருக்கு' என்று அவள் சொன்னதும் அவன் வாய் திறந்து மூடியது. வெட்கமா அது? முன்னால் போடவில்லை என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? ஒரு மூச்சு. காலையில் போனிலும் அதே ஒரு மூச்சுதான். பக்கத்தில் நாலு பேர் சிரிக்கிறார்கள் என்று அதை விழுங்கிவிட்டான். டயரை ஓங்கி உதைத்தாள். காற்று இறங்கிய ரப்பர் காலை மெத்தென்று வாங்கிக்கொண்டது. அதுகூட வலிக்கவில்லை என்பதில் இன்னும் ஆத்திரம் வந்தது.

"நடப்போம்," என்றாள். "கருப்பிய இறக்கு."

"ஒரு மணி நேரம் ஆகுமேக்கா."

"இறக்குன்னு சொன்னேன்."

கயிறு மாட்டி இறக்கினார்கள். கருப்பி நாலு காலையும் பாறையில் ஊன்றிக்கொண்டு மேல் பக்கம் திரும்ப மறுத்தது. ஹெர்தீஸ் இழுத்தாள். ஊல்ஃபர் பின்னாலிருந்து தள்ளினான். கொம்பைப் பிடித்துத் திருப்பினார்கள். பத்தடி வந்தது, படுத்துக்கொண்டது.

"வாடி என் ராசாத்தி," என்று கெஞ்சினாள். பிறகு, "நாசமாப் போறவளே, உன் கூட்டம்டி அங்க," என்று கத்தினாள்.

பனி இப்போது குறுக்கே அடித்தது. மேட்டின் உச்சி தெரியவில்லை. பிறகு மேடே தெரியவில்லை.

"அக்கா, இது ஏறாது. இது ஏறாத இடத்துக்கு நாமளும் ஏறக் கூடாது."

"முப்பது உசுருடா. குட்டியோட."

"தெரியும்."

"காத்துக்கு முதுகக் காட்டிட்டு ஓடைக்குள்ள போய்ப் படுக்கும். பனி அங்கதான் வந்து கொட்டும்."

"தெரியும்க்கா. நாம செத்தா அதுங்கள யாரு தோண்டுவா?"

அவள் கயிற்றைத் தளர்த்தினாள். கருப்பி உடனே எழுந்து, உதறிக்கொண்டு, வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தது. கயிற்றைப் பிடித்தபடி இருவரும் அதன் பின்னால் இறங்கினார்கள். எதிரே கை நீட்டினால் கை தெரியாத பனியில் அது ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. ஆற்றுத் துறையில் டிராக்டர் விளக்கைப் போட்டுக்கொண்டு ரன்வெய்க் நின்றிருந்தாள். வண்டி எங்கே என்று அவள் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாலை வரை பனி நிற்கவில்லை. கரண்ட் போய்விட்டது. ஹெர்தீஸ் கோட்டைக் கழற்றாமலேயே சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தாக்கே கருப்பு ஓடைக்கு ஏறியது. ஆளுக்கொரு நீளக் கம்பி. ஓடை இருந்த இடம் இல்லை. வெள்ளையாக, வழவழவென்று, போர்வை இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. வரிசையாக நின்று கம்பியைச் செருகி, உருவி, ஒரு அடி தள்ளிச் செருக வேண்டும். மெத்தென்று பட்டால் ஆடு. மூச்சுப் பட்ட இடத்தில் பனி மஞ்சளாகி விரலளவு ஓட்டை இருந்தால் உயிரோடு இருக்கிறது. கிடைத்ததில் சிலது காதை ஆட்டியபடி எழுந்து நின்றன. குட்டிகள்தான் அதிகம் போயிருந்தன. தார்ப்பாயில் வரிசையாகக் கிடத்தினார்கள். அவள் ஒவ்வொன்றின் காது வெட்டையும் தடவிப் பார்த்தாள். எல்லாம் அவள் அடையாளம்தான்.

மீட்புக் குழு ஆட்களின் வண்டியில் தொற்றிக்கொண்டு கெஸ்டூர் வந்து சேர்ந்தான். ரோடு திறந்த உடனேயே கிளம்பியிருக்கிறான். ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தான்.

"நீ பத்திரமா இருக்க. அது போதும் எனக்கு."

அவள் அவன் கையை எடுத்துக் கீழே விட்டாள். ஒரு கம்பியை நீட்டினாள்.

மத்தியானம் ரன்வெய்க் பெரிய அண்டாவில் கறி சூப் கொண்டுவந்தாள். டர்னிப்பும் உருளைக்கிழங்கும் எலும்போடு கொதித்த சூப். எல்லாரும் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே குடித்தார்கள். கொஞ்சம் கீழே, பாறைத் தளத்தில், ஜீப்பின் கூரை மட்டும் பனிக்கு மேலே தெரிந்தது. கூட்டுறவுக் கடைக்காரன் அதைத் தாடையால் காட்டினான்.

"என்ன கெஸ்டூர், உன் நாற்பத்திநாலு பனியாத்துலயே நீந்தும்னியே? இங்க என்ன பண்ணுது, முட்டை அடைகாக்குதா?"

நாலு பேர் சிரித்தார்கள். கெஸ்டூரும் சிரித்தான். வியாழக்கிழமை போனில் கேட்ட அதே சிரிப்பு.

"பெட்டி பழசுப்பா. அவங்கப்பா காலத்துது." சூப்பை ஊதினான். "லீவரத் தொடாதன்னு சொல்லித்தான் இருந்தேன்."

ஹெர்தீஸ் கிண்ணத்தைப் பனியில் வைத்தாள்.

"ஏன்னு கேட்டேனா இல்லையா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஹெர்தீஸ், இப்போ வேணாம்."

"கேட்டேனா?"

"கேட்ட."

"என்ன சொன்ன?"

"வீட்டுல போய்ப் பேசலாம்."

"வீட்டுல பேச நேரம் இருந்துச்சு. கொட்டகையில இருந்துச்சு. போன்ல இருந்துச்சு. அங்கல்லாம் பேசாதவன் இங்க பேசு. இறுக்கமா இருக்குன்னு சொன்ன. இறுக்கமா கெஸ்டூர்? வெண்ணெய் மாதிரி விழுந்துச்சு. என் அப்பன் பெட்டியா பழசு? இருபத்தஞ்சு வருஷம் இந்த ஓடைக்கு ஏறின பெட்டி. முன்னாடி அச்சுல என்ன மாத்தின? சொல்லு இவங்ககிட்ட."

கடைக்காரன் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தப்பு நம்பர் சாமான் அனுப்பிட்டாங்க," என்றான் கெஸ்டூர். "முன்னாடிக்கு வந்தது சேரல. வெள்ளிக்கிழமை சரியானது வருதுன்னான். சனிக்கிழமைக்குள்ள போட்டுடலாம்னு இருந்தேன். பின்னாடி மட்டும்தான் மாத்தினேன்."

"இத ஏன் சொல்லல?"

"நீ நல்லா இருக்குன்னு சொன்ன." அவன் கண் கலங்கியது. "நீ எப்பவாவதுதான் அப்படிச் சொல்லுவ."

அவன் சொன்னது பொய்யில்லை. அது பொய்யில்லை என்பதுதான் இன்னும் எரிந்தது. பழி கடைசியில் அவள் வாய்க்கே வந்துவிட்டது.

"நல்லாப் பாத்துக்கோ," என்றாள், தார்ப்பாயைக் காட்டி. "நான் நல்ல வார்த்தை சொன்னதுக்கு விலை இது."

ரன்வெய்க் அண்டாவை மூடினாள். "குடிச்சது போதும். வெளிச்சம் இருக்கறப்பவே தோண்டணும். வரிசையா நில்லுங்க," என்றாள். அவள் வரிசை வைத்தபடிதான் எல்லாரும் நிற்க வேண்டும். ஹெர்தீஸுக்குப் பக்கத்தில் கெஸ்டூர் வந்தான். ஊல்ஃபர் சரிவின் கீழ்க் கோடியில்.

கம்பிகள் இறங்கின, ஏறின. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கை தூரம்.

வெளிச்சம் சாயும் நேரத்தில் ஹெர்தீஸின் கம்பி மெத்தென்று பட்டது. மண்டியிட்டு மேல் பனியைத் தள்ளினாள். மஞ்சளாக ஒரு ஓட்டை. கன்னத்தை வைத்துப் பார்த்தாள். சூடாக, புளித்த புல் வாசனையாக மூச்சு வந்தது.

"ஊல்ஃபர்!" என்று கத்தினாள். "ஊல்ஃபர், இங்க வா! உசுரோட இருக்கு!"

கெஸ்டூர் கம்பியைப் போட்டுவிட்டு மண்டியிடப் போனான்.

"நீ இல்ல."

"ஹெர்தீஸ், ஆடு மூச்சு முட்டுது. அவன் வர்றதுக்குள்ள..."

"நீ இல்லன்னேன்."

அவன் பாதி குனிந்தபடியே நின்றான். அவள் இரண்டு கையாலும் பனியை வாரி வாரிப் பின்னால் எறிந்தாள். பாதி அவன் கால்மேல் விழுந்தது. ஆடு காத்திருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். தான் செய்வது ஆட்டுக்குச் செய்கிற அநியாயம் என்றும் தெரியும். தெரிந்தேதான் வாரினாள். ஊல்ஃபர் முழங்கால் பனியில் விழுந்து எழுந்து ஏறி வருவதற்குள் அவள் கையுறை கிழிந்து விரல் நுனியில் ரத்தம் வந்துவிட்டது.

ஊல்ஃபர் மூச்சு வாங்க வந்து நின்றான். கெஸ்டூரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"பக்கத்துலயே ஆள் நிக்குது. என்னைய எதுக்கு அங்கேர்ந்து கூப்புட்ட?"

"ஆளா? எங்க?" என்றாள் ஹெர்தீஸ். தலையைத் தூக்கவில்லை. "கொம்பப் பிடி."